மண்ணுக்கேற்ற மழைநீர்ச் சேமிப்பு: மானாவாரி உழவர்களின் கேள்விகளும் பதில்களும்

மழைநீரைச் சேமிக்க எந்த முறை சிறந்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். மண், சரிவு, மழை பெய்யும் மாதம், வடியும் நீர் சென்று சேரும் இடம் ஆகிய நான்கும் தெரியாமல் அதற்கு விடை சொல்ல இயலாது. ஆகவே அந்த விவரங்களுடன் வந்த கேள்விகளையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் எனக்கு நான்கு ஏக்கர் கரிசல் உண்டு. செம்மண் பூமியில் உறவினர் ஒருவர், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் செல்லும் சம உயர வரப்பு போட்டுப் பயனடைந்ததைப் பார்த்து நானும் போட்டேன். ஐப்பசி மழையில் வரப்போரம் ஐந்து நாள் நீர் தேங்கி உளுந்து மஞ்சளித்தது. ஓரிடத்தில் வரப்பும் உடைந்தது. என்ன பிழை?

பதில்: ஐயா, நீங்கள் வரப்பைச் சரியாகவே போட்டிருக்கலாம், ஆனால் அது உங்கள் மண்ணுக்கு உரிய வரப்பன்று. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல், முதல் மழையை வெடிப்புகளின் வழியே தாராளமாக உள்ளே வாங்கிக்கொள்கிறது. களிமண் ஊறிப் பருத்து அந்த வெடிப்புகள் மூடிய பிறகோ நீர் மிக மெதுவாகத்தான் இறங்கும். அந்த நிலையில் வரப்பு நீரை முழுவதும் மறித்தால், வேருக்குக் காற்றில்லாமல் பயிர் மூச்சுத்திணறுகிறது. கரிசல் மண்ணாலேயே போட்ட வரப்பும் கோடையில் வெடிக்கும் என்பதால், அந்தக் கீறலில் புகும் நீர் அதை அரித்து உடைத்துவிடும்.

ஆழமான கரிசலுக்கு உரியது, நூறு மீட்டர் நீளத்துக்கு 20 முதல் 40 சென்டிமீட்டர் வரை இறக்கம் கொடுத்துப் போடும் சரிவு வரப்பு. அது நீரின் வேகத்தைக் குறைத்து, மிஞ்சியதைப் புல் வளர்த்த வடிகாலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதனுடன், புரட்டாசிக்கு முன்பே வயலைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒரு சாண் உயரத்துக்குள் வரப்பு கட்டுங்கள். பருவத்தின் தொடக்க மழையை அவை நிலத்திலேயே ஊறவைக்கும். விதைப்புக்குப் பின் அடைமழை பிடித்தால் உடனே அந்தப் பாத்தி வரப்புகளை வெட்டி நீரை வடியவிடலாம். ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட் உருவாக்கிய, அகலமான மேட்டுப்பாத்திகளுக்கு நடுவே நீர் வடியச் சால் விடும் அகலப்பாத்தி–சால் முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது நல்ல முறைதான். ஆயினும் மழை மிகுந்து வடிகால் தேவைப்படும் கரிசலில்தான் அதன் முழுப் பயன் தெரியும்.

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் இரண்டரை ஏக்கர் செம்மண்ணில் நிலக்கடலை போடுகிறேன். வெட்டிய பண்ணைக்குட்டை பத்தே நாளில் வற்றிவிடுகிறது.

பதில்: செம்மண்ணில் நீர் கசிவது இயல்பே. அருகில் உங்கள் கிணறு இருந்தால், வற்றிய நீரை வீணென்று எண்ண வேண்டாம். அந்தக் குட்டை, நீரை நிலத்தடிக்கு இறக்கிக் கிணற்றுக்கு ஊட்டும் கசிவுநீர்க் குட்டையாக வேலை செய்கிறது. கிணறு இல்லை, காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் கொடுத்தாக வேண்டும் என்றால் மட்டும் தார்ப்பாயோ களிமண் பூச்சோ அவசியமாகும்.

எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். உங்கள் இரண்டரை ஏக்கரில் 50 மில்லிமீட்டர் பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடுவதாகக் கொண்டால் ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். மேலே பத்துக்குப் பத்து மீட்டர், அடியில் ஆறுக்கு ஆறு, ஆழம் இரண்டு மீட்டர் என்று சரிவாக வெட்டிய குட்டை ஏறத்தாழ 1,30,000 லிட்டர் கொள்ளும். ஒரு ஏக்கருக்கு 25 மில்லிமீட்டர் அளவுக்குப் பாய்ச்ச வேண்டியதும் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டரே. அதாவது ஒரு நல்ல மழை, ஒரு ஏக்கருக்கு, வாடும் பயிரைக் காக்கும் ஒரு தண்ணீர். வெயிலில் ஆவியாவதையும் கழித்துக்கொண்டு பாருங்கள். முழு நிலத்துக்கும் பாய்ச்சலாம் என்று நம்பிக் கடன் வாங்கிக் குட்டை வெட்டுவோரைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குட்டைக்கும் முந்திய வேலை ஒன்று உண்டு. செம்மண்ணின் மேற்பரப்பு மழைத்துளி பட்டு இறுகும். அடியிலும் கடினத்தட்டு இருக்கக்கூடும். கோடையில் உளிக்கலப்பையால் அந்தத் தட்டை உடைத்து, தொழுவுரமோ ஏரி வண்டலோ சேர்த்தால், ஓடும் நீரில் ஒரு பகுதி வேரடியிலேயே தங்கிவிடும்.

கேள்வி: வேதாரண்யம் பக்கம் கடலோர மணற்பாங்கான நிலம். குட்டையை இன்னும் ஆழப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். அங்கே மழையால் ஊறிய நன்னீர், கனமான உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து வேகமாக இறைத்தாலோ கீழிருந்து உப்பு ஏறிவிடும். அகலமாகவும் ஆழமில்லாமலும் வெட்டி, சிறிது சிறிதாக எடுங்கள். மழைக்காலத்தில் வரப்பை உயர்த்தி நீரை வயலிலேயே இறங்கவிட்டால், வேரடி உப்பும் கரைந்து கீழே போகும்.

கேள்வி: மழைக்காலத்தில் வயலில் ஓடும் நீரை நேராக ஆழ்துளைக் கிணற்றுக்குள் விடலாமா?

பதில்: கூடவே கூடாது. உரமும் பூச்சிமருந்தும் வண்டலும் நேராக நிலத்தடிக்குப் போய்விடும்; ஒருமுறை கெட்ட நிலத்தடி நீரை மீட்பது மிகக் கடினம்.

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டம். என் நிலத்தின் வழியே ஓடும் ஓடையை மறித்துக் குட்டைக்குத் திருப்பலாமா? அது கீழே கண்மாய்க்குப் போகிறது.

பதில்: உங்கள் வயலில் பெய்யும் மழையை வயலிலேயே நிறுத்துவதற்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஓடையோ கண்மாயின் வரத்துக்கால். அந்தப் பகுதியில் ஒரு கண்மாய் நிறைந்து, கலிங்கு வழிந்து அடுத்ததற்குப் போகும்படி முன்னோர் சங்கிலியாக அமைத்திருக்கிறார்கள். மேலே ஒருவர் மறித்தால், மழை குறைந்த ஆண்டில் கடைசிக் கண்மாய்க்காரருக்குக் குடிக்கவும் நீர் இராது. நீரின் வேகத்தை மட்டும் குறைத்து மண்ணைப் பிடிக்கும் தாழ்வான கல் தடுப்பு வேண்டுமானால் போடலாம். அதையும் ஊராரிடம் பேசி, அனுமதி பெற்றுச் செய்யுங்கள்.

கேள்வி: திருவண்ணாமலைப் பக்கம் ஒரு ஏக்கர் செம்மண்ணைக் குத்தகைக்கு எடுத்துக் கடலை போடுகிறேன். நிலக்காரர் குட்டை வெட்டச் சம்மதிக்கவில்லை. நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு, அம்மா. சரிவுக்குக் குறுக்கே உழுது, குறுக்காகவே விதையுங்கள்; செலவில்லாத இந்த ஒரு மாற்றமே ஒவ்வொரு உழவுச் சாலையும் சிறு வரப்பாக்கிவிடும். சில வரிசைகளுக்கு ஒன்றாக வெறும் சால் ஒன்றை விட்டு, அதில் ஆங்காங்கே மண்ணால் தடுப்பு வையுங்கள். விதை கட்டுவதற்கு முன் பிடுங்கிய களையை வரிசைகளுக்கு நடுவே பரப்புங்கள். நேரான சுவருள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, மழை நின்றதும் நின்ற நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதி வையுங்கள். பிறகு வயலில் மண்வெட்டியால் தோண்டி ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். 25 மில்லிமீட்டர் பெய்தும் ஈரம் நான்கு விரற்கடையைத் தாண்டவில்லையென்றால் பெரும்பகுதி ஓடிவிட்டது என்று பொருள். அடுத்த மழைக்குள் அந்தச் சால்களையும் தடுப்புகளையும் இன்னும் நெருக்கமாக்குங்கள்.