தேயிலைத் தொழிற்சாலையின் சக்தி வினைத்திறனை மாதிரியாக்க எந்த முறை நல்லது, நேராக இயந்திரக் கற்றலுக்கே போகலாமா?

கேட்ட விதத்தைப் பார்த்தால் இறுதியாண்டுச் செயற்திட்டம் போலிருக்கிறது, கையில் ஏதோ ஒரு பெக்டரியின் எக்செல் கோப்பும் இருக்கும். நேராகப் போகாதீர்கள். முதலில் ஒரு தாளில் நீர்க் கணக்குப் போடுங்கள்.

100 கிலோ கொழுந்தில் 78 வீதம் ஈரம் என்றால் காய்ந்த பொருள் 22 கிலோ. வாடல், அதாவது கொழுந்தைத் தொட்டியில் பரப்பிக் காற்றில் வாட்டுவது, முடிந்து 55 வீத ஈரத்தில் இறக்கினால் எடை 49 கிலோ. ட்ரையர் அதை 3 வீதத்துக்குக் கொண்டுவர 26 கிலோ நீரை விரட்ட வேண்டும். 60 வீதத்திலேயே அவசரப்பட்டு இறக்கினால் அது 32 கிலோ. ட்ரையரில் ஒரு குறையும் இல்லாமலே அதன் சுமை கால் பங்கு ஏறிவிடும். அப்புறம் ட்ரையரின் சூட்டுக்கு எரிக்கும் விறகு. லொக் புத்தகத்தில் கன மீற்றர் மட்டும்தான் இருக்கும், ஈரம் இருக்காது. பாதி நீராக உள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 8 மெகாயூல் தரும், 20 வீத ஈரத்துக்கு உலர்ந்தது 14க்கு மேல். நியூரல் நெட்வேர்க் மாதிரியான இயந்திரக் கற்றல் முறைக்கு இதை யார் சொல்வது?

ஹட்டன் பக்கம் நான் வேலை செய்த பெக்டரிக்குக் கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். மின்சார யூனிட்டைத் தூளின் கிலோவால் வகுத்தார், பெப்ரவரியில் அந்த எண் எகிறியிருந்தது, உடனே நைட் ஷிப்ட்டில் கவனயீனம் என்று எழுதிவிட்டார். பெப்ரவரி எங்களுக்கு வறட்சி, கொழுந்து குறைவு, ஆனால் தொட்டி பாதி நிரம்பினாலும் வாடல் மின்விசிறி ஓடத்தானே வேண்டும்! மாதவாரியாக யூனிட்டையும் தூளையும் குறித்து ஒரு நேர்கோடு போட்டுத் துரையிடம், அதாவது தோட்ட மேலாளரிடம், காட்டினேன். உற்பத்தி பூச்சியம் என்ற இடத்திலேயே கோடு நல்ல உயரத்தில் நின்றது, அதாவது தூள் வராவிட்டாலும் போகும் மின்சாரம் அது; பெப்ரவரிப் புள்ளி கோட்டிலிருந்து விலகவே இல்லை. விலகி மேலே நின்றது ஜூன், மழையில் வாடல் இழுபட்ட மாதம். அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை.

ரெக்ரஷன் (இப்படிப் புள்ளிகளுக்குக் கோடு பொருத்துவது) எல்லாம் பழசு என்று கீழே எழுத வருபவர்களுக்கு: இயந்திரக் கற்றல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்சர் வைத்துக் காற்றின் ஈரப்பதன் தொடர்ந்து பதிவாகும் இடத்தில் அது பிரயோசனம்தான். பிஞ்ச் பகுப்பாய்வும் (ஆறும் ஓட்டத்தின் வெப்பத்தைச் சூடேறும் ஓட்டத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்க்கும் முறை) நல்லதே, ஆனால் சூடேறும் ஓட்டமும் ஆறும் ஓட்டமும் பல உள்ள ரசாயன ஆலைகளுக்கு. ஒரு சூளையும் ட்ரையரும் உள்ள இடத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

துரை தலையாட்டினார், அறிக்கை மாறவில்லை, நைட் ஆட்களின் ஓவர்டைம்தான் வெட்டுப்பட்டது. ஆலோசகர் என் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தோட்டத்துப் பிள்ளையா, இதெல்லாம் எங்கே படித்தீர்?" என்றார். லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பிள்ளைக்குக் கொழுந்து பறிக்க மட்டும்தான் தெரியும் என்று இன்னும் எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ. சரி, அது வேறு கதை. உங்கள் கோப்பில் விறகின் ஈரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.