ஓட்டுச் சீட்டில் பிரதமர் பெயர் இருக்காது, தம்பி

பிரிட்டனின் லெஸ்டர் நகருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்று சொல்லி, வாடகையையும் குளிரையும் பற்றிக் கேட்ட நீங்கள், "2022இல் பொதுத்தேர்தலே நடக்காமல் இந்த நாட்டில் மூன்று பேர் பிரதமராக இருந்தார்களாமே, அது எப்படி? இதெல்லாம் நமக்கு எதற்கு அண்ணா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் குளிரும் உடன் தங்கியிருப்பவர்களைப் பார்த்தே பழகிவிடும். கடைசிக் கேள்விக்குத்தான் நான் பதில் எழுத விரும்புகிறேன். ஏனென்றால் அந்த "நமக்கு எதற்கு" என்ற பேச்சை நம்பி ஒரு தேர்தலில் ஓட்டையே இழந்தவன் நான்.

முறை நம் நாட்டில் உள்ளதுதான். மக்கள் தேர்ந்தெடுப்பது தொகுதி உறுப்பினரை மட்டுமே. இங்குள்ள மக்களவையின் 650 உறுப்பினர்களில் பெரும்பான்மையினரின் நம்பிக்கை யாருக்கு இருக்கிறதோ, அவரை மன்னர் அழைத்து ஆட்சி அமைக்கச் சொல்கிறார். 2022இல் போரிஸ் ஜான்சன் தம் அமைச்சர்களின் ஆதரவை இழந்து விலகினார். அவர் கட்சியின் சாதாரண உறுப்பினர்கள் வாக்களித்து லிஸ் டிரஸ்ஸைத் தலைவராக்கினார்கள். ஏழு வாரத்தில் அவரும் விலக, கடைசியில் வேறு யாரும் களத்தில் இல்லாததால் போட்டியின்றி ரிஷி சுனக் வந்தார். மூவருக்கும் அடித்தளம் 2019 டிசம்பர் தேர்தலில் கிடைத்த அதே பெரும்பான்மைதான். அந்த நம்பிக்கை ஒரே ஒரு வாக்கில் நழுவிப் போவதும் உண்டு. 1979 மார்ச்சில் 311க்கு 310 என்ற கணக்கில் அன்றைய பிரதமர் காலகனின் ஆட்சி இங்கே கவிழ்ந்தது. 1999 ஏப்ரலில் 269க்கு 270 என்று வாஜ்பாய் ஆட்சி டெல்லியில் கவிழ்ந்தது.

நான் 2009 செப்டம்பரில் வந்தேன். ஐந்து பேர் தங்கியிருந்த வீட்டுக்கு நகர மன்றத்திலிருந்து வாக்காளர் பதிவுப் படிவம் வந்தது. எங்களுக்கு முன்பே வந்திருந்த நம்மூர்க்காரர் ஒருவர், "பெயரை எழுதினால் விசாவுக்குச் சிக்கல் வரும்" என்று சொல்லி அதை நான்காக மடித்து அடுப்படி இழுப்பறையில் போட்டார். நானும் நம்பினேன். அடுத்த ஆண்டு மே 6 அன்று பொதுத்தேர்தல் நடந்தது. கன்சர்வேட்டிவ் கட்சி 306 இடங்களோடு பெரும்பான்மைக்குக் குறைவாக நிற்க, 57 இடங்கள் வைத்திருந்த லிபரல் டெமாக்ரட் கட்சியோடு பேச்சு நடந்து, ஐந்து நாள் கழித்துத்தான் டேவிட் கேமரன் பிரதமரானார். அந்த ஐந்து நாளும் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தின் தொலைக்காட்சி அணையவே இல்லை. தேநீர் கொடுக்கப் போனபோது ஒரு பாட்டி, "நீ யாருக்குப் போட்டாய்?" என்று கேட்டார். எனக்கு ஓட்டு இல்லை என்றேன். "இந்தியாவிலிருந்து வந்த உனக்கு உண்டே" என்றார் அவர். இழுப்பறையில் கிடந்த அந்தக் காகிதம் என்ன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆகவே தம்பி, இதைக் கவனமாகப் படியுங்கள். காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால், முறையான விசாவோடு இங்கே வசிக்கும் உங்களுக்குப் பொதுத்தேர்தலில் வாக்குரிமை உண்டு. மாணவர் விசாவாக இருந்தாலும் உண்டு. பதிவுக்கு வாக்குப்பதிவு நாளுக்கு 12 வேலை நாள்கள் முன்புவரைதான் அவகாசம் என்பதால், தேர்தல் அறிவிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாக்குச்சாவடியில் கேட்கும் புகைப்பட அடையாளத்துக்கு நம் இந்தியக் கடவுச்சீட்டே போதும். கைப்பேசி ஒப்பந்தத்துக்கோ கடனுக்கோ விண்ணப்பிக்கும்போதும் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விசா போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நம்மவர்கள் மேல் எனக்கு உள்ள வருத்தமும் இதுதான். பொங்கல் விழாவில் கூடினால் சென்னை அரசியலையும் டெல்லி அரசியலையும் நள்ளிரவு வரை பேசுகிறார்கள். தாங்கள் வரி கட்டும் ஊரின் உறுப்பினர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. பிரதமர் யார் என்பதில் நம் கை படும் ஒரே இடம் அந்த உறுப்பினர்தான். 2024 ஜூலை 4 அன்று மழைத் தூறலில் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய், நூலில் கட்டிய பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன். விரலில் மை வைக்கவில்லை. அது மட்டும் குறையாக இருந்தது.

குடியாத்தமும் எங்கள் வேலூர் மக்களவைத் தொகுதியில்தான் வருகிறது என்பதால் 2019 உங்களுக்கும் நினைவிருக்கும். ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு. அதற்கு இரண்டு நாள் முன்பு, பணம் பிடிபட்டதால் தேர்தலையே ரத்து செய்துவிட்டார்கள். கொசப்பேட்டையில் அப்பா வாக்காளர் அட்டையைச் சட்டைப் பையில் எடுத்து வைத்திருந்தாராம். மே 30 அன்று பிரதமர் பதவியேற்றபோது வேலூருக்கு மக்களவையில் உறுப்பினரே இல்லை. ஆகஸ்ட் 5 காலை அப்பா போய் வரிசையில் நின்று, மையிட்ட விரலைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். டெல்லியில் ஆட்சி அமைந்து அதற்குள் இரண்டு மாதம் கடந்திருந்தது.