விநாடிக்கு 25

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியிலிருந்து பிச்சாவரம் வரையிலான கடற்கரை ஊர்களைப் பற்றி நண்பர்கள் சேர்ந்து ஒரு பயணத் தொடர் எடுக்கவிருக்கிறோம். முடித்ததும் தொலைக்காட்சிக்குக் கொடுக்க எண்ணம். 4கே-யில் எடுப்பதா, எச்.டி. போதுமா? நிறப் பதிவு 8 பிட்டா, 10 பிட்டா? கைபேசிக் காட்சிகளைச் சேர்க்கலாமா? ஒரு மாதமாக ஒப்பீட்டு வீடியோக்களைப் பார்த்தும் எந்த ஃபார்மேட் என்று தெளிவு கிடைக்கவில்லை.

வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் பீரோவிலிருந்த மினி டி.வி. (MiniDV) வீடியோ கேசட்டுகளில் படிந்திருந்த பூஞ்சையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஒன்றைப் பற்றிச் சொல்லவே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்விகள். கார்டும் ஹார்ட் டிஸ்கும் வாங்கப் பணம் இருந்தால் 4கே-யில் எடுங்கள், இல்லையென்றால் எச்.டி.யின் 1920க்கு 1080 போதும். 10 பிட் நல்லது. அது இல்லாததால் ஒரு தொடர் நின்றுபோகாது. ஒரு மாதம் ஒப்பீடுகளைப் பார்த்த நீங்கள், நிகழ்ச்சியை வாங்கப்போகிற தொலைக்காட்சியிடம் தொழில்நுட்ப விதிமுறைத் தாளை ஒருமுறையாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருந்திருக்கும். பெண் வீட்டாரைக் கேட்காமல் பத்திரிகை அடிக்கும் வேலை இது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்விதான் என்னைக் கவலைகொள்ள வைத்தது. விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை தனிப் படங்கள்?

அந்தக் கேசட்டின் கதை இதுதான். பல ஆண்டுகளுக்கு முன், உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கேமராவை வாங்கிக்கொண்டு மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனேன். அது அங்குள்ள என்.டி.எஸ்.சி. முறையில், விநாடிக்கு ஏறக்குறைய 30 ஃபிரேம் பதியும் கேமரா. நம் நாடோ பால் (PAL) என்ற முறையைப் பின்பற்றி, விநாடிக்கு 25 ஃபிரேமில் ஒளிபரப்புகிறது. அந்த வேறுபாட்டை நான் பொருட்படுத்தவில்லை. தீர்த்தவாரிக்கு வந்த மயிலம் முருகனைத் தொடர்ந்து, கூட்டத்தின் தலைகளுக்கு மேல் கேமராவை இடமிருந்து வலமாகத் திருப்பி எடுத்த 40 விநாடிக் காட்சிதான் என் வாழ்வின் சிறந்த ஷாட் என்று அன்றிரவு நம்பினேன். எடிட்டிங் செய்தவர் அதை 25க்கு மாற்றிக் கொடுத்தார். தொலைக்காட்சியில் பிரிவியூ பார்த்தவர் நடுவிலேயே நிறுத்தி, "சாமிக்கு விக்கல் எடுக்குதே சார்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். 30ஐ 25 ஆக்க வேண்டுமானால் ஆறு ஃபிரேமுக்கு ஒன்றை எறிய வேண்டும், ஆகவே விநாடிக்கு ஐந்து முறை படம் சற்றுத் தாவுகிறது. அசையாத கோபுரத்தில் அது தெரியாது. ஊர்வலத்தைத் தொடரும் கேமராவில் ஒவ்வொரு தாவலும் தெரியும். எறியாமல் மெதுவாக ஓட்டினால் 40 விநாடி 48 விநாடியாகி, மேளம் இழுத்துக்கொண்டு அழும். சென்ற ஆண்டு ஒரு புதிய மென்பொருளில், இடைப்பட்ட ஃபிரேம்களை அதுவே வரைந்துகொள்ளும்படி விட்டுப் பார்த்தேன். அலை வந்து மோதுகிற இடத்தில், சுமப்பவர்களின் கால்கள் நுரையோடு சேர்ந்து கரைந்துபோயின. நிறத்தைப் பிறகு திருத்தலாம், 4கே-யை எச்.டி. ஆக்கலாம். பதிவான வேகத்தை மட்டும் பழுதில்லாமல் மாற்ற எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

ஆகவே கேமரா மெனுவில் பால் முறையைத் தேர்ந்து, 25 ஃபிரேம், 1/50 விநாடி ஷட்டர் வேகம் என்று வைத்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் வெளிச்சத்திலும் படம் துடிக்காது. வெயிலில், வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரை லென்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியைச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது பெரும்பாலும் 30இல்தான் நிற்கும், ஃபிரேம் வேகமும் வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கி, எடிட்டிங்கில் உதடும் ஒலியும் பிரிந்துபோகும். ஐபோனில் பால் வடிவங்களைக் காட்டச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. மற்ற கைபேசிகளில் 25ஐப் பூட்டிவைக்கும் செயலியைத் தேடுங்கள். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள்.

பிச்சாவரம் என்று எழுதியிருந்ததால் இன்னொன்று. படகு ஓடும்போது சிற்றலையும் சுரபுன்னை இலைகளும் ஒரே நேரத்தில் அசையும். குறைந்த பிட்ரேட்டில், அதாவது விநாடிக்குக் குறைந்த தரவில் எடுத்தால் அந்தப் பச்சை முழுவதும் கட்டம் கட்டமாக உடையும். விநாடிக்கு 50 மெகாபிட்டும், நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் 4:2:2 முறையும் கிடைக்குமானால் அதில் எடுங்கள். மணிக்கு 22.5 ஜிபி ஆகும், இரண்டு பிரதிகளுக்கு 45. அந்தச் செலவுக்கு அஞ்சி 4கே-யை விட்டுவிட்டாலும் நான் கோபிக்கமாட்டேன்.

அடுத்த மாசி மகத்துக்கு நான் வைத்திக்குப்பத்தில் இருப்பேன். நீங்களும் வருவதானால், மெனுவைத் திறந்து என்னிடம் காட்டிவிட்டுப் பிறகு சாமியின் பக்கம் கேமராவைத் திருப்புங்கள்.