மூக்கைக் கழுவலாம், எந்தத் தண்ணீரில்?

கேள்வி: எனக்கு வயது 44. பள்ளி ஆசிரியை. பத்து ஆண்டுகளாகச் சைனஸ் தொல்லை இருக்கிறது. காலையில் மூக்கடைப்பும் நெற்றியில் பாரமும் இருக்கும். யோகா வகுப்பில் ஜலநேத்தி கற்றுக்கொண்டு, ஆழ்குழாய்த் தண்ணீரை அப்படியே கெண்டியில் பிடித்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மூன்று வாரமாகச் செய்கிறேன். மூக்கு சற்றுத் திறந்திருக்கிறது. ஆனால் ஊற்றும்போது கண்ணில் நீர் வருமளவுக்கு எரிகிறது. ஒரு நாள் காதும் அடைத்துக்கொண்டது. மூக்கு வழியாக அமீபா மூளைக்குப் போய்விடும் என்று என் மகன் பயமுறுத்துகிறான். தொடரலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தொடரலாம், ஆனால் தண்ணீரை இன்றே மாற்றிவிடுங்கள். உங்கள் மகன் சொல்வதை வீண் பயம் என்று ஒதுக்க முடியாது. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், காய்ச்சாத குழாய்த் தண்ணீரை நேத்திக் குவளையில் ஊற்றி மூக்கைக் கழுவி வந்த இருவர், நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபாவின் தொற்றால் இறந்தனர். அண்மையில் கேரளத்தில் பலருக்கு ஏற்பட்ட மூளைக் காய்ச்சலின் காரணமாக, குளங்களோடும் கிணறுகளோடும் சேர்த்துப் பேசப்பட்டதும் இவ்வகை அமீபாக்களே. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் இந்த உயிரி, குடித்து வயிற்றுக்குள் போனால் எதுவும் செய்வதில்லை. மூக்கின் கூரையில் ஏறினால், மணத்தை உணரும் நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்லிய எலும்புத் தகட்டைக் கடந்து மூளையை அடைந்துவிடுகிறது. மிக அரிதாகவே வரும் நோய் என்றாலும், வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே என்பதால், இதில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு இடமில்லை.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு குறைந்தது ஒரு நிமிடம் அடுப்பில் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தின் கொடைக்கானலைப் போல 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில், தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், மூன்று நிமிடம் தேவை. பிறகு மூடிவைத்துத் தானாக ஆறவிட்டு, இளஞ்சூட்டில் பயன்படுத்துங்கள். அவசரத்தில் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினால், காய்ச்சியதன் பயனே போய்விடும். ஆறிய நீரைச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்து ஒரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் குடிப்பதற்கானவை. அவற்றைக் கிருமி நீக்கிய நீராகக் கொள்ள முடியாது என்பதால் அவற்றையும் காய்ச்சியே ஆக வேண்டும். கெண்டியையும் ஒவ்வொரு முறையும் கழுவி, கடைசியாகக் காய்ச்சிய நீரில் அலசி, உலரவைத்துவிடுங்கள்.

எரிச்சலுக்குக் காரணம் உப்பு அதிகமானது என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும். உண்மையில் ஒரு சிட்டிகை போதாததுதான் காரணம். நம் குருதியில் உள்ள உப்புச் செறிவுக்கு இணையாக, லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருந்தால்தான் மூக்கின் உட்சவ்வு அந்த நீரை அந்நியமாக உணராது. அதைவிடக் குறைந்தால் நீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது, நமக்கு எரிகிறது. கால் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, தலைதட்டிய அளவில் தூள் உப்புப் போட்டு, ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் சேர்த்தால் இதமாக இருக்கும். சிலருக்கு அயோடின் கலந்த உப்பு உறுத்தும். அவர்கள் மருந்துக் கடையில் இதற்கென விற்கும் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளலாம். இந்துப்பில்தான் செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். அதில் தனிச் சிறப்பு எதுவுமில்லை.

காது அடைத்ததற்குப் பெரும்பாலும் ஊற்றும் வேகமோ, முடித்தவுடன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தியதோ காரணமாக இருக்கும். தொட்டியின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி, மேல் நாசியில் மெதுவாக ஊற்றுங்கள்; கீழ் நாசியால் தானாக வழியும். பிறகு இரண்டு நாசிகளையும் திறந்துவைத்தே லேசாகச் சிந்துங்கள். படுக்கப் போகுமுன் செய்தால் மிச்ச நீர் தொண்டையில் இறங்கி இருமவைக்கும். காதில் சீழ் வடியும்போதும், மூக்கு முழுவதும் அடைத்து ஒரு சொட்டும் போகாதபோதும் வேண்டாம்.

இது எவ்வளவு உதவும்? அறுவை செய்யாத மூக்கில் இந்த நீர் சைனஸ் அறைகளுக்குள் அதிகம் நுழைவதில்லை; அவற்றின் வாசலில் தேங்கிய சளியையும், உங்களுக்கென்றால் சாக்பீஸ் தூளையும் கழுவிவிடுகிறது, அவ்வளவே. ஆனாலும் அது சிறிய உதவியன்று. 2002-இல் விஸ்கான்சினில் 76 பேரிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வில், 2 சதவீத உப்பு நீரால் தினமும் கழுவியவர்களுக்குத் தொல்லையும் குறைந்தது, ஆன்டிபயாடிக் தேவையும் குறைந்தது. (பழைய அடயோக நூல்கள் சொல்லும் நேத்தி நீரால் செய்வதன்று, மூக்கில் நூலை விட்டு வாய்வழியே எடுப்பது, அதை யாரும் வீட்டில் முயல வேண்டாம்.)

பத்து ஆண்டுத் தொல்லை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெற்றி பாரத்தையெல்லாம் நாம் சைனஸ் என்றே அழைத்துவிடுகிறோம். பரிசோதித்தால் அது ஒவ்வாமையாகவோ, வளைந்த நடுத்தண்டாகவோ, மூக்கினுள் வளர்ந்த சதையாகவோ, சில வேளைகளில் ஒற்றைத் தலைவலியாகவோகூட இருக்கும். ஒரு முறை காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரேயை உப்பு நீருக்கு முன் அடிக்க வேண்டுமா, பின்பா?
– வாசகர், சேலம்

பதில்: பின்புதான். முன்பே அடித்தால் மருந்தையும் சேர்த்துக் கழுவிவிடுவீர்கள். கழுவிய பின் கால் மணி நேரம் விட்டு அடியுங்கள். கடையில் நீங்களாக வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து வேறு. அதை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

கேள்வி: சர்க்கரை நோயாளியான என் தந்தைக்கு (68) ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வருகிறது, கன்னமும் மரத்திருக்கிறது. உப்பு நீரால் கழுவலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கழுவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 2021-இல் நாம் பார்த்த கருப்புப் பூஞ்சைத் தொற்று இப்படியும் தொடங்கும். மேல்தாடைப் பல்லில் சீழ் வைத்திருந்தாலும் ஒரு பக்கம் நாறும். எதுவாயினும் அவரை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண் வீக்கமோ, பார்வை மங்கலோ, மூக்கில் கருப்புப் பொருக்கோ தெரிந்தால், இரவு என்றாலும் விடியும்வரை பொறுக்காதீர்கள்.