குதிரைக் காலடியில் ஒரு தாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த, அந்நாட்டு முதன்மை அமைச்சர் ஒலிவாரெஸ் பிரபு குதிரைமேல் அமர்ந்திருக்கும் உருவப்படத்தை இணையத்தில் பார்த்தேன். தளபதிக் கோலத்தில் இருக்கும் அவர் எந்தக் களத்திலும் படை நடத்தியதில்லையாமே? அப்படியானால் அது கூலிக்கு வரைந்த பொய்தானே? குதிரை ஏன் நமக்குப் பின்புறத்தைக் காட்டுகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கூலிக்கு வரைந்ததுதான். 1623இல் வெலாஸ்கெஸ் செவில்லிலிருந்து அரசவைக்கு வர வழிசெய்தவரே ஒலிவாரெஸ். சோறு போட்டவரை உயர்த்திக் காட்டாமல் ஓவியன் வேறென்ன செய்வான்? அரசர்கள் தமக்கென வைத்திருந்த கோலத்தில் ஓர் அமைச்சர் அமர்ந்த துணிச்சலையும் விட்டுவிடுவோம்.

உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது, சோம்பல் பிடிக்கவில்லை. மூன்று மீட்டருக்குமேல் உயரமான ஓவியத்தை உள்ளங்கையளவு திரையில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். இடது கீழ்மூலையில் ஒரு வெள்ளைத்தாள் கிடக்கிறதே, கண்ணில் பட்டதா? மத்ரீதின் பிராடோ அருங்காட்சியகத்தில் நான் அதன்முன் குனிந்து நின்றபோது, மேலே இருந்த கவசமும் செந்நிறப் பட்டையும் கோலும் எனக்கு மறந்தே போயின. ஓவியர் தம் பெயரை எழுதவேண்டிய இடம் அது, வெலாஸ்கெஸ் எழுதவில்லை. அவருடைய 'பிரேடாவின் சரணடைவு' ஓவியத்தின் வலது மூலையிலும் இப்படியொரு வெற்றுத்தாள் உண்டு. இதை என்னையன்றி வேறு யார் வரைந்திருக்க முடியும் என்ற செருக்கு அது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் இந்தக் குதிரையின் காலடியில் அதைக் காணும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. மன்னர் நான்காம் பிலிப்பின் பெயரால் 1643 வரை ஸ்பெயினின் போர்களை நடத்திய இந்த மனிதர் போரிட்ட களமே தாள்தான். மன்னரின் நாடுகள் அனைத்தும் பங்கிட்டு 1,40,000 வீரர்களைத் தரவேண்டும் என்று அவர் வகுத்த திட்டம் மேசையில் பிறந்தது; அதன் சுமையும் சேர்ந்து அழுத்தியதில்தான் 1640இல் கத்தலோனியாவும் போர்ச்சுகலும் கிளர்ந்தெழுந்தன. படம் அதற்குச் சில ஆண்டுகள் முந்தையது, ஓவியர் இதையெல்லாம் அறிந்திருக்க முடியாது என்று நீங்கள் மறுக்கலாம். மறுங்கள், ஆனாலும் அடுத்த முறை அந்த மூலையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

குதிரையைக் கேட்டிருந்தீர்கள். அது அப்படித் திரும்பியிருப்பதால்தான் ஒலிவாரெஸ் தோளுக்குமேல் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறார். கோல் நீட்டும் திசையில், வெகு தொலைவில், புகை எழுந்துகொண்டிருக்கிறது.