28 வயதில் வேலையை விட்டுவிட்டு கோடிங் பூட்கேம்ப்பில் சேரலாமா? மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த எனக்குச் சரிவருமா? ஏஐ வந்த பிறகு இது தேவையா?

சேரலாம், சரிவரும். வேலையை மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். அதனால் வீடு பட்ட பாடு தெரியும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் மெக்கானிக்கல் டிப்ளமோதான். கோவை கணபதியில் ஒரு ஜாப் ஆர்டர் ஒர்க்‌ஷாப்பில் ஏழு வருடம் சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் கடைசல் மெஷின்) செட்டராக இருந்தேன். பம்பு ஷாஃப்ட், புஷ், வால்வு பாகங்கள் என்று எது வந்தாலும் டிராயிங்கைப் பார்த்து புரோகிராம் போட்டு, டூல் இருக்கும் இடத்தை மெஷினுக்குச் சொல்லும் ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸை இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்புவது என் வேலை. கடைசியாக வாங்கிய சம்பளம் 26,000. இரவு ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பத்து வருடம் கழித்தும் இதே மெஷின் முன்னால்தான் நிற்பேன் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. 2022 ஆகஸ்டில், 29 வயதில், சென்னையில் ஒரு பூட்கேம்ப்பில் சேர்ந்தேன். சொல்லப் போனபோது ஒர்க்‌ஷாப் அண்ணன் (முதலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "போய்ட்டு வா கண்ணு. செட் ஆகலைன்னா மனசுல ஒண்ணும் வெச்சுக்காம இங்கயே வந்துரு" என்றார். அடுத்த பதினான்கு மாதமும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தரும் கடும் பயிற்சிக்கு அமெரிக்காவில் பூட்கேம்ப் என்று பெயர். 2012 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் டெவ் பூட்கேம்ப், ஹேக் ரியாக்டர் போன்றவை அதே பாணியில் சில மாதங்களில் கோடிங் கற்றுத்தரத் தொடங்கின. எங்களுடையது 24 வாரம். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் ஆறு நாள். வேளச்சேரியில் மூன்று பேர் தங்கும் அறை. முதல் மூன்று வாரம் எனக்கு எளிதாகவே போனது. ஃபானக் (சிஎன்சி மெஷினை இயக்கும் கன்ட்ரோல்) மேக்ரோவில் #100, #101 என்று மாறிகளை வைத்து லூப் எழுதியவனுக்கு ஜாவாஸ்கிரிப்ட்டின் லூப்பும் கண்டிஷனும் புதிதாகத் தெரியவில்லை. நான்காவது வாரம் அசிங்க்ரோனஸ் பாடம் வந்தது. அங்கே நின்றுவிட்டேன்.

சிஎன்சி புரோகிராமில் என்10 என்ற வரி முடிந்தால்தான் என்20. டூல் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேராமல் அடுத்த வெட்டு தொடங்காது. ஏழு வருடம் அப்படியே யோசித்துப் பழகியிருந்தேன். சர்வரிடம் தகவல் கேட்டு ஒரு வரி எழுதினால், பதில் வருவதற்குள் அடுத்த வரி ஓடிவிடும் என்பதை மனது ஏற்கவே இல்லை. நான் எழுதியதெல்லாம் 'அன்டிஃபைன்ட்' என்று காட்டியது. பயிற்றுநர் ஹோட்டலில் தோசை ஆர்டர் கொடுக்கும் உதாரணம் சொன்னார், எனக்கு ஒட்டவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி எங்கள் ஒர்க்‌ஷாப்பே ஞாபகத்துக்கு வந்தது.

ஷாஃப்டைச் சூடாக்கிக் கடினப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு வெளியே அனுப்புவோம். வண்டி கிளம்பிய பிறகு நம் கையில் இருப்பது டெலிவரி சலான் மட்டும்தான். பீஸ் திரும்பி வரும்வரை மெஷினைச் சும்மா போட மாட்டோம், வேறு ஜாப் ஏற்றுவோம். வந்த பிறகுதான் கிரைண்டிங். ஜாவாஸ்கிரிப்ட்டில் பிராமிஸ் என்பது அந்தச் சலான். சரக்கு வந்ததும் செய்ய வேண்டிய வேலையை 'தென்' என்பதற்குள் எழுதுகிறோம். 'அவெய்ட்' போட்டால் அந்த ஃபங்ஷன் மட்டும் வண்டிக்காகக் காத்திருக்கும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். ஹீட் ட்ரீட்மென்ட்டில் கிராக் விழுந்து வந்தால் ரிஜெக்ட். அங்கேயும் அதே சொல். நான் அதுவரை சலானில் ஷாஃப்டின் விட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், அதனால்தான் அன்டிஃபைன்ட். அன்றைக்குப் பிறகு இந்த விஷயத்தில் நான் தடுமாறவில்லை. பேட்ச்சில் நான்கு பேருக்கு இதே சலான் கதையைச் சொல்லிப் புரியவைத்தேன்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. நீங்கள் பார்த்த வேலையை வீணாய்ப்போன வருடங்கள் என்று நினைத்துக்கொண்டு வகுப்பில் உட்காராதீர்கள். நான் முதல் மாதம் அப்படி நினைத்தேன். ஃபானக்கில் எக்ஸ்50 என்று புள்ளி வைக்காமல் அடித்தால், மெஷின் செட்டிங்கைப் பொறுத்து அது 50 மைக்ரானாகிவிடும். டூல் நேராக ஜாப்பில் போய் மோதும். அதனால் புதுப் புரோகிராமை யாரும் அப்படியே ஓட்ட மாட்டோம். சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக, டூலை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு ஓட்டுவோம். பிரவுசரில் பிரேக்பாயின்ட் வைத்து வரிவரியாக ஓட்டுவதும் அதேதான். என்னுடன் படித்த பிஇ முடித்த தம்பிகள் என்னைவிட வேகமாக எழுதுவார்கள். சிவப்பு எழுத்தில் எரர் வந்ததும் பதறி, எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். மெஷின் அலாரம் அடித்தால் முதலில் நம்பரைப் படி என்று பழக்கப்பட்டிருந்ததால் நான் அந்தச் சிவப்பு எழுத்தை உட்கார்ந்து படித்தேன்.

இனி பணம். எனக்கு இன்னும் ஆறாத இடம் இது.

வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும் என்றுதான் சேரும்போது சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட தாள் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் கடன் ஒப்பந்தம். தொகை 1,20,000. நான்காவது மாதமே தவணை தொடங்கிவிட்டது. என் அறையில் இருந்த ஒருவர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஏழாவது வாரத்தில் ஊருக்குப் போனார். வகுப்பு நின்றது, தவணை நிற்கவில்லை. கட்டாமல் விட்டதில் சிபில் ஸ்கோர் விழுந்து, பிறகு வண்டிக் கடன்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. வேலை கிடைத்த பின் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டும் முறையைப் பிரபலமாக்கிய அமெரிக்காவின் லாம்டா ஸ்கூல், பின்னர் புளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த ஒப்பந்தங்கள் கடன்தான் என்று அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் சொல்லி, இனி கடன் கொடுக்கவே கூடாது என்று தடை போட்டது. 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம் செய்தவர்களின் உள்கணக்கு 50 சதவீதத்தை ஒட்டி இருந்தது, சில பேட்ச்களில் 30 வரை இறங்கியிருந்தது.

ஆகவே கடன் கொடுப்பவர் யார், முதல் தவணை எந்தத் தேதி, பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். போன பேட்ச்சில் படித்தவர்களை லிங்க்ட்இன்னில் நீங்களே தேடிப்பிடித்துப் பேசுங்கள். பூட்கேம்ப்காரர்களாக அறிமுகம் செய்துவைக்கும் ஆள் வேண்டாம்.

பிப்ரவரி 2023இல் முடித்தேன். கூகுள் அதற்கு முந்தைய மாதம்தான் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்திருந்தது. புதியவர்களை எடுப்பது எங்கும் சுருங்கியிருந்தது. எட்டு மாதம் வேலை இல்லை. மனைவி நர்சரி பள்ளியில் வாங்கிய சம்பளத்தில் அரிசி பருப்பு, வாடகை மாமனார். ஒரு நாள் அம்மா, "லோன் கட்டோணும்னா என் கம்மலை வெச்சுக்க சாமி" என்று கழற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மூன்று தவணை அதில்தான் கட்டினேன். மீட்டுக் கொடுத்துவிட்டேன் என்றாலும் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. கையில் ஒரு வருடச் செலவுக்குப் பணம் இல்லாமல் வேலையை விடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

வேலை எப்படிக் கிடைத்தது என்றும் கேட்பீர்கள். எங்கள் பேட்ச்சில் எல்லோருடைய ரெஸ்யூமிலும் ஒரு நெட்ஃபிளிக்ஸ் நகல், ஒரு ஷாப்பிங் தளம். என்னுடையதிலும் அவைதான். ஏழு இன்டர்வியூவில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆறாவது மாதம் ஒர்க்‌ஷாப்புக்குச் சும்மா பார்க்கப் போனபோது மேஜையில் அந்தப் பழைய டூல் லைஃப் நோட்டு கிடந்தது. ஒரு இன்சர்ட்டின் (டூலில் பொருத்தும் வெட்டு முனை) ஒவ்வொரு எட்ஜும் எத்தனை பீஸ் ஓடியது என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கையால் எழுதும் நோட்டு. எண்ணெய்க் கறையில் பாதி எழுத்து தெரியாது. அதையே செல்போனில் குறிக்கும்படி ஒரு சின்ன ஆப் எழுதினேன். ஆப்பரேட்டர் அழுக்குக் கையோடு அழுத்துவார் என்பதால் மூன்றே பெரிய பட்டன். அண்ணன் இரண்டு மெஷினில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். தப்பு வந்தபோதெல்லாம் ஆப்பரேட்டர்கள் போன் போட்டுச் சொன்னார்கள்.

அக்டோபரில் தொழிற்சாலைகளுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் எழுதும் ஒரு கோவைக் கம்பெனியில் இன்டர்வியூ. "ஆப்பரேட்டர் பட்டனை அழுத்த மறந்துட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். ஷிஃப்ட் முடிவில் மொத்த பீஸ் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை இன்சார்ஜுக்குக் காட்டும் என்று சொல்லி, அந்தத் திரையைத் திறந்து காட்டினேன். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். 24,000 சம்பளத்தில் எடுத்தார்கள், லேத்தில் வாங்கியதைவிட 2,000 குறைவு. இரண்டு வருடத்தில் அது இரட்டிப்பாகிவிட்டது. இரவில் வீட்டில் தூங்குகிறேன்.

ஏஐ வந்த பிறகு இது தேவையா என்றும் கேட்டிருந்தீர்கள். நாங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே, 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்துவிட்டது. லேத் தொழிலில் கேம் (CAM) சாஃப்ட்வேர், மெஷினுக்கான கட்டளையான ஜி கோடை முழுதாக எழுதித் தர ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. அது எழுதிய புரோகிராமில் டூல் எங்கே ஜாபைப் பிடித்திருக்கும் சக்கின் ஜாவில் (தாடையில்) மோதும் என்று படித்துச் சொல்லத் தெரிந்த செட்டருக்கு இன்றைக்கும் ஆள் தேடுகிறார்கள். கோடிங்கிலும் அந்தப் படிக்கும் திறமைக்குத்தான் உழையுங்கள். புதியவர்களுக்கு முன்பு கிடைத்த எளிய வேலைகள் குறைந்திருப்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன்.

இப்போதைக்கு வேலையில் இருந்துகொண்டே மூன்று மாதம் தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கோடிங் கற்றுத்தரும் ஃப்ரீகோட்கேம்ப், ஓடின் புராஜெக்ட் தளங்கள் இரண்டும் இலவசம். ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுக வகுப்பான சிஎஸ்50 பாடங்களையும் காசில்லாமல் பார்க்கலாம். எனக்கு பூட்கேம்ப் தந்தது பாடத்தை அல்ல, பாடம் இங்கேயே கிடைக்கிறது. காலை 9 மணிக்கு உட்காரவைத்ததும், நான் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்தியதும், பக்கத்தில் அதே பாட்டைப் பட்ட ஆட்கள் இருந்ததும்தான் அங்கே கிடைத்தவை. மூன்று மாதம் கழித்து இவை இல்லாமல் உங்களால் நகர முடியவில்லை என்றால் பணம் கட்டிச் சேருங்கள்.

நீங்கள் எந்த டிபார்ட்மென்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஸ்டோர்ஸோ இன்ஸ்பெக்‌ஷனோ மெயின்டனன்ஸோ, இன்னும் நோட்டில் கையால் எழுதும் கணக்கு ஒன்று கண்டிப்பாக இருக்கும். இன்சார்ஜிடம் கேட்டுக்கொண்டு அதில் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். லூப் புரிந்த வாரமே அதில் கை வைத்துவிடலாம்.