இலவச விண்ணப்பத்துக்கு 800 ரூபாய்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து மிக்ஸி, மெத்தை, வாஷிங் மெஷின் பற்றி வாசகர்கள் அனுப்பிய புகார்க் கடிதங்கள் எல்லாம் அடியில் போய்விட்டன. மேலே கிடப்பவை முழுக்க ஃபீஸ், லோன், ஸ்காலர்ஷிப். இந்த வாரம் அவை மட்டும். ஆடித் தள்ளுபடிக்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள்; உங்கள் புடவைச் சாயம் அடுத்த வாரமும் போய்க்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவள். போன வருடம் பி.எஸ்சி. சேர்ந்தாள். புதுமைப் பெண் திட்டத்துக்குத் தெருமுனை பிரவுசிங் சென்டரில் 800 ரூபாய் வாங்கிக்கொண்டு “அப்ளை பண்ணியாச்சு” என்றார்கள். இன்றுவரை ஒரு பைசா வரவில்லை. (வாசகி, தேனி)

பதில்: புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் தரும் ஆயிரம் ரூபாய்க்கான விண்ணப்பம் போக வேண்டிய வழி கல்லூரிதான். மாணவியின் விவரங்களை ‘உமிஸ்’ என்கிற அரசின் கல்லூரி மாணவர் விவரத் தளத்தில் ஏற்றுவது கல்லூரியின் வேலை. பிரவுசிங் சென்டர்காரர் எதை எங்கே ஏற்றினாரோ, அவருக்கே வெளிச்சம்.

2022 செப்டம்பரில் தொடங்கியபோது இது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும். உங்கள் மகளைப் போல உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களைச் சேர்த்தது 2024 டிசம்பர் கடைசியில். பழைய விதியை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் யாராவது “உங்களுக்குக் கிடையாது” என்றால் நம்பிவிட வேண்டாம். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது, அதே ஆயிரம். கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். ஆதார், பள்ளிச் சான்றிதழ்கள், பாஸ்புக்கோடு மகளை நேரே அவரிடம் அனுப்புங்கள். அந்த 800 ரூபாயை விடாதீர்கள். கடைக்குப் போய், விண்ணப்ப எண்ணையும் ரசீதையும் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் பணத்தைக் கேளுங்கள், நாலு பேர் நிற்கிற நேரம் பார்த்து.

கேள்வி: நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் போன வருடமே ஓடிஆர் எண் எடுத்துவிட்டேன். இந்த வருடம் புதிதாக எடுக்கவேண்டும், 500 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். (மாணவர், அரக்கோணம்)

பதில்: அந்தப் பதினான்கு இலக்க எண்ணின் பெயரே ஒருமுறைப் பதிவு. படித்து முடிக்கும் வரை அதுதான். கட்டணமும் கிடையாது.

கேள்வி: எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அனுப்பப்பட்டுவிட்டது என்று இணையத்தில் காட்டுகிறது. என் பாஸ்புக்கில் இல்லை. பேங்கில் கேட்டால் “ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு” என்று திருப்பி அனுப்புகிறார்கள். கல்லூரியிலோ ஃபீஸ் கேட்டு நெருக்குகிறார்கள். (மாணவி, விழுப்புரம்)

பதில்: நீங்கள் எங்கும் தப்பு செய்யவில்லை. மாறியது பணம் வரும் பாதை. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்தைத் திருத்தி, செலவில் மத்திய அரசுக்கு 60 சதவீதம், மாநிலத்துக்கு 40 என்று பிரித்தது. அந்த 60 சதவீதம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்றும் வைத்தது. உங்கள் சீனியர்கள் காலத்து அனுபவம் இப்போது உதவாது.

வங்கியில் “ஆதார் லிங்க்” என்று ஒரே பேச்சாகச் சொல்வது உண்மையில் இரண்டு விஷயம். அடையாளத்துக்காக உங்கள் ஆதார் நகலைக் கணக்கில் சேர்த்து வைப்பது ஒன்று. அரசு அனுப்பும் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பட்டியலில் பதிவாவது இன்னொன்று. அந்தப் பட்டியலில் ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான். கடைசியாகப் பதிந்தது எதுவோ அது. நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண் என்னவாக இருந்தாலும் பணம் அங்கேதான் போகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடத்துக்கு முன் ஒரு கடையில் சிம் வாங்கினேன். “சார், கட்டை விரல் வைங்க” என்றார் பையன். வைத்தேன். “இன்னொரு தடவை” என்றார். அதையும் வைத்தேன். இரண்டாவது விரலுக்கு என் பெயரில் ஒரு கணக்கு திறந்திருக்கிறது. ஏழு மாத கேஸ் மானியம் அதில் போய் உட்கார்ந்திருந்தது. இதே பகுதியில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள் நான்!

மைஆதார் தளத்தில் நுழைந்து ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். இலவசம், ஆதாரோடு பதிந்த மொபைல் கையில் இருந்தால் போதும். எந்த வங்கியின் பெயர் வருகிறதோ அங்கே உங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பெரும்பாலும் பணமும் அங்கே இருக்கும். உங்களுக்கு வேண்டிய கிளையில் ‘டிபிடிக்காக ஆதார் சீடிங்’ (அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவதற்கான பதிவு) என்று தெளிவாக எழுதிய படிவம் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். இணையத்தில் காட்டும் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து அவகாசம் கேளுங்கள். பணம் கைக்கு வந்ததும் கல்லூரிக்குச் சேர வேண்டியதைக் கட்டிவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு இழுக்கும், இழுக்க விடாதீர்கள்.

கேள்வி: கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: பழைய வரி முறையில் எட்டு வருடம் வரை உண்டு, அசலுக்குக் கிடையாது. புதிய முறையில் இரண்டுக்கும் கிடையாது.

கேள்வி: “பிரதம மந்திரி வித்யாலட்சுமி கடன் ஏற்பாடு செய்து தரப்படும், ஜாமீன் இல்லை, வட்டி மானியம் உண்டு” என்று ஒரு தனியார் கல்லூரி வாசலில் பேனர் இருந்தது. நம்பி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் மகனுக்கு பி.இ. சீட் போட்டு 50,000 அட்வான்ஸ் கட்டினேன். இப்போது வங்கியில் முடியாது என்கிறார்கள். வங்கி மேல் புகார் கொடுக்கலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: வங்கி மேல் எதற்கு? சரியாகச் சொன்னதற்கா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே பேனர் பற்றி இந்த வாரம் மட்டும் நாலு கடிதம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 நவம்பர் 6 அன்று. எல்லாக் கல்லூரிக்கும் அல்ல. என்ஐஆர்எஃப் என்கிற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையில் ஒட்டுமொத்தமாகவோ பாடப் பிரிவிலோ முதல் 100 இடத்துக்குள் வந்தவை, 101 முதல் 200 வரை வந்த மாநில அரசுக் கல்வி நிறுவனங்கள், மத்திய அரசு நிறுவனங்கள். ஆரம்பத்தில் நாடு முழுக்க 860 நிறுவனங்கள். உங்கள் பேனர் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். ஸ்கூட்டர் வாங்கும்போது மைலேஜை நாலு பேரிடம் விசாரிக்கிறோம். நாலு வருடப் படிப்புக்கு பேனர் போதுமா?

பட்டியலில் இருந்தாலும் தகுதி அடிப்படையில் சேர்ந்தவருக்குத்தான் கடன். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. கல்லூரிப் பிரதிநிதிக்கு இது தெரியாமல் இருக்காது. அவருடைய வேலை உங்கள் அட்வான்ஸோடு முடிந்தது.

மானியத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகை எதுவும் இல்லை என்றால், பத்து லட்சம் வரையிலான கடனுக்கு மூன்று சதவீத வட்டி மானியம். அதுவும் வருடத்துக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு. பத்து லட்சத்துக்கு ஒன்பது சதவீதம் என்று வைத்தால் வருட வட்டி 90,000, மானியம் 30,000, மிச்சம் 60,000 உங்கள் பையன் தலையில். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் முடிந்ததும் மானியமும் நின்றுவிடும். வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்பு என்றால், அந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசே கட்டும் திட்டம் தனியாக இருக்கிறது. அதிலும் கோட்டா சீட் சேராது. பேனரில் ‘வட்டி மானியம்’ என்ற இரண்டு சொல்லுக்குள் இத்தனையும் மடிந்து கிடக்கிறது.

இனி உங்கள் 50,000. யுஜிசி 2018ல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே விலகினால், சிறு பிடித்தம் போக முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். கடைசித் தேதி நெருங்கி, தாண்டத் தாண்ட 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, முப்பது நாள் கழிந்தால் ஒன்றுமில்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு, அவற்றைக் கண்காணிக்கும் ஏஐசிடிஇயும் கட்டணத்தைத் திருப்பித்தரும் விதி வைத்திருக்கிறது. விலகுவதென்றால் இன்றே எழுத்தில் கொடுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினால் அதுவும் விதிமீறல். அந்த பேனரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கழற்றுவதற்குள்.

கேள்வி: ஆன்லைன் கோடிங் கோர்ஸ், மாதம் 4,000 தவணை என்றார்கள். இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டேன். இப்போது கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனம் முழுத் தொகையும் கடன் என்கிறது. நான் கடனே வாங்கவில்லை. (வாசகர், கோவை)

பதில்: வாங்கியிருக்கிறீர்கள். ஓடிபி சொன்னீர்களே, அது கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்து. கோர்ஸ்காரருக்கு முழுப் பணமும் அன்றே போய்விட்டது. 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன் எதுவானாலும், ஆண்டு வட்டி, கட்டணங்கள் எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையை உங்களுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கு வந்ததா? மெயிலைத் தேடுங்கள். வரவில்லை என்றால் அதுவே உங்கள் புகார். வந்தும் திறந்து பார்க்கவில்லை என்றால் நான் என்ன செய்ய?

கேள்வி: மகளுக்கு லோன் சாங்ஷன் ஆக, வருடம் 40,000 கட்டுகிற பாலிசி ஒன்று எடுத்தால்தான் ஃபைல் நகரும் என்கிறார் வங்கி அதிகாரி. (வாசகர், திருச்சி)

பதில்: கடனுக்கு நிபந்தனையாக பாலிசி விற்க வங்கிக்கு உரிமை இல்லை. “பாலிசி கட்டாயம் என்று எழுதித் தாருங்கள்” என்று மட்டும் கேளுங்கள், பேச்சு மாறும். நான் கேட்கவில்லை. என் மகன் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆறு நாள் இருந்தது, கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம் பிரீமியம் கட்டி, நிறுத்தியபோது கட்டியதில் பாதிகூட வரவில்லை. என் வீட்டில் அந்த பாலிசிக்கு ‘ரெண்டாவது ஃபீஸ்’ என்று பெயர். நீங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு வழி இருக்கிறது: பாலிசி கைக்கு வந்த முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். முன்பு பதினைந்து நாள்தான் இருந்தது, 2024ல் கூட்டினார்கள். சிறு பிடித்தம் போக பிரீமியம் திரும்பும்.

கேள்வி: கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரியில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. மூன்று லட்சம் கடன் கேட்டேன். அப்பா பழைய பைக் லோனைச் சரியாகக் கட்டாததால் சிபில் (கடன் வரலாற்று மதிப்பெண்) குறைவு என்று வாயாலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பத்தைக்கூட வாங்கவில்லை. (மாணவி, ராமநாதபுரம்)

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். நாலு லட்சம் வரை கல்விக் கடனுக்கு ஜாமீன் சொத்து கேட்கக் கூடாது. பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், அதனால்தான் அப்பாவின் சிபிலைப் பார்க்கிறார்கள். அம்மாவோ காப்பாளரோ கையெழுத்திடலாமா என்று கேளுங்கள். பல கிளைகளில் ஏற்கிறார்கள். மாணவரின் சிபில் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023ல் சொல்லியிருக்கிறது. அது மாணவரின் ஸ்கோர் பற்றியது, அப்பாவுடையது அல்ல. ஆனாலும் மனுவில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

முதலில் வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். விண்ணப்பத்தை இணையம் வழியாகப் போட்டு எண் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடனை மறுக்க கிளை மேலாளருக்கு மேலே உள்ள அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும் என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இருக்கிறது. “உங்கள் ஊர் எங்கள் ஏரியா இல்லை” என்பது காரணமே அல்ல. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, வக்கீல் வேண்டாம், 14448ல் தமிழிலும் பேசலாம்.

முப்பது நாள் காத்திருந்தால் சீட் போய்விடும் என்று பயப்படுவீர்கள். முதல் தவணை ஃபீஸுக்கு அவகாசம் கேட்டுக் கல்லூரி முதல்வருக்கு இன்றே ஒரு கடிதம் கொடுங்கள், கடன் விண்ணப்ப எண்ணைச் சேர்த்து. வங்கி என்ன எழுதித் தருகிறதோ, அதன் நகலை எனக்கும் அனுப்புங்கள்.